ஹைரிஸ்க் கர்ப்பம் படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். முடித்துவிட்டு ஹைரிஸ்க் கர்ப்பத்தில், அதாவது தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து அதிகமுள்ள கர்ப்பத்தில், மேற்பயிற்சி பெற நினைக்கும் இளையவர்கள் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் அடிக்கடி வந்து யோசனை கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதையெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு அப்பால் இருப்பதைச் சொல்கிறேன்.

ஸ்கேன்தான் படிப்பு என்று நினைப்பது

தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டாண்டு எஃப்.என்.பி. மேற்படிப்பு, பல்கலைக்கழக ஃபெலோஷிப், தனியார் மையங்களின் பயிற்சி என வழிகள் பல. எதில் சேர்ந்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது, அங்கே இரவுப் பணியில் தாய்மார்களை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான். கருவிலுள்ள குழந்தையை ஸ்கேன் செய்து பார்க்கும் நல்ல மையத்தில், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரும், பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் அம்னியோசென்டெசிஸும் அருமையாகக் கற்றுத் தருவார்கள். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய பெண் பிரசவ வலியோடு மூச்சுத் திணறி வந்து நின்றால் எவ்வளவு டிரிப் ஏற்றலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது ஸ்கேன் அறையில் கிடைக்காது. அது அரசு மருத்துவக் கல்லூரியின் பிரசவ வார்டில், அவசரப் பிரசவங்களைக் கவனிக்கும் சீமாங் மையத்தில் கிடைக்கும். ஸ்கேன் மையத்தில் சேர்வதாக இருந்தால், அதற்கு முன் ஓராண்டாவது அப்படியோர் இடத்தில் சீனியர் ரெசிடென்டாக இருந்துவிட்டுப் போங்கள்.

பிரசவம் எங்கே என்று கேட்காமல் ஆய்வைத் தொடங்குவது

இன்றுவரை எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. அண்மையில் ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேட்டைப் படித்துப் பார்க்க நேர்ந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் ரத்த அழுத்தமும் கர்ப்பப்பை ரத்தக்குழாய் டாப்ளரும் பார்த்து, யாருக்குப் பின்னாளில் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, முற்றினால் வலிப்பு வரை போகும் நோய்) வரும் என்று கணிக்கும் ஆய்வு. அளவீடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவுகள் அட்டவணையில் பார்த்தால், சேர்த்த பெண்களில் கால்வாசிப் பேரைக் காணவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டேன். "தொடர்பு விட்டுப்போனது மேடம், நல்லபடியாகப் பிரசவமாகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டோம்" என்றார்.

எங்கே போயிருப்பார்கள்? அம்மா வீட்டுக்குத்தான். முதல் பிரசவம் பிறந்த வீட்டுப் பொறுப்பு என்பது கொங்கு நாட்டில் எந்த மருத்துவருக்கும் புதிதில்லை. கோவையில் வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்ததும் தாராபுரத்துக்கோ வெள்ளகோவிலுக்கோ கோபிக்கோ போய்விடுவாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா, பிகார் பெண் இன்னும் தூரம் போவாள். நாம் குறித்து வைத்திருப்பதோ கணவரின் கைபேசி எண். அவர் ஷிப்டில் இருப்பார். இல்லையென்றால் சிம்மை மாற்றியிருப்பார்.

போனவர்களை நலமானவர்கள் கணக்கில் சேர்த்துவிட முடியாது. முப்பது வாரத்திலேயே அழுத்தம் எகிறியவள் நம்மிடமே பிரசவித்திருப்பாள்; உடல்நிலை சரியாக இருந்தவள்தான் ஊருக்குப் போயிருப்பாள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் நோய் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஊருக்குப் போனவளுக்கு அங்கே வலிப்பு வந்து கரூரிலோ திண்டுக்கல்லிலோ சேர்த்திருந்தால், அவளை நலமானவள் என்று எழுதும் ஆய்வேட்டில் நோய் குறைந்து தெரியும். பிழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மாணவிக்கும் தெரியாது, வழிகாட்டிக்கும் தெரியாது.

2017இல் வெளியான ஆஸ்பிரே ஆய்வை எல்லா மாணவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த ஆய்வு அது. சேர்ந்தவர்கள் 1,776 பேர். 152 பேர் தாங்களாக விலகிக்கொண்டார்கள். தொடர்பு விட்டுப்போனவர்கள் வெறும் 4 பேர். 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைத்த ப்ரீஎக்லாம்ப்சியா ஆஸ்பிரின் குழுவில் 13 பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற குழுவில் 35 பேருக்கும் வந்தது. உலகம் முழுவதும் மருந்துச்சீட்டை மாற்றி எழுத வைத்த வித்தியாசம் 22 பெண்கள். அந்த ஆய்வில் கால்வாசிப் பேர் காணாமல் போயிருந்தால் அந்த 22க்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

செய்ய வேண்டியது கடினமில்லை. சேர்க்கும் அன்றே, "பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போவீர்கள்?" என்ற கேள்வி படிவத்தில் இருக்கட்டும். கணவர் எண்ணோடு பெண்ணின் அம்மா எண்ணையும் வாங்குங்கள், அதுதான் மாறாது. பிறப்புச் சான்றிதழுக்குத் தேவை என்பதால் அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியின் பன்னிரண்டு இலக்க ஆர்.சி.எச். எண் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் இருக்கும், அதையும் குறியுங்கள். பிரசவம் நடக்கும் மருத்துவமனையிடம் விவரம் கேட்க ஒப்புதல் படிவத்திலேயே அனுமதி பெறுங்கள். கிராம சுகாதார செவிலியர் வழியாக விசாரிப்பதாக இருந்தால் மாவட்ட சுகாதார நிர்வாகத்தின் கடிதம் முன்கூட்டியே கையில் வேண்டும். வளைகாப்புக்கு முன், 28 வாரத்தில், ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். இவ்வளவுக்கும் ஒரு உதவியாளரின் சம்பளத்தை ஆய்வுச் செலவில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனைக் கிட்டுக்கு மட்டும் பணம் கேட்பவர்கள்தான் அதிகம்.

பதிவில் பெயர் இல்லாமல் ஸ்கேன் புரோபைத் தொடுவது

வேண்டாம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தில் 'பயிற்சிக்காகத்தான்' என்ற சாக்கு எடுபடாது.

நெறிமுறைக் குழுவிடம் பிறகு போகலாம் என்பது

முன்தேதியிட்ட ஒப்புதல் கிடையாது. 2018 ஏப்ரல் முதல் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவதும் அப்படித்தான்: முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டும்.

கேள்வியை வெளியூரில் தேடுவது

வெளிநாட்டு இதழில் வந்த தலைப்பை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதும் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். அந்த நோயுள்ள பெண்கள் கர்ப்பமாகி, மலையிறங்கி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு வருகிறார்கள். எந்த வாரத்தில் வருகிறார்கள், வழியில் எவ்வளவு நேரம் போகிறது, எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று ஒழுங்காகப் பதிந்தாலே நல்ல ஆய்வு. நூற்பாலைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கர்ப்பிணிகளைப் பற்றியும் கேட்க எவ்வளவோ இருக்கிறது.

அப்சர்வர்ஷிப்பைப் பயிற்சி என்று எண்ணுவது

பிரிட்டனில் அப்சர்வர்ஷிப் என்றால் பார்க்கலாம்; நோயாளியைத் தொட முடியாது. வெறும் பாடம்தான் வேண்டுமென்றால் லண்டன் ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷனின் இணையவழி வகுப்புகளைப் பொள்ளாச்சியில் உட்கார்ந்தபடியே இலவசமாகக் கேட்கலாம். கை பழக வேண்டுமென்றால் பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யின் பதிவு பெற்று, ஊதியம் தரும் பணியில் சேர வேண்டும். அதற்கான தேர்வும் தாள்களும் மெதுவாகத்தான் நகரும் என்பதால், எம்.எஸ். கடைசி ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.