ரெடிமேட் ரெண்டு டெக் பெட்டி வாங்குனா, ரெண்டும் சமமான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

கார்டு கேம்ல ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு டெக், அதாவது ஆளுக்கு ஒரு கார்டு கட்டு, வச்சு விக்கிறாங்கல்ல, பிரிச்ச உடனே ஆளுக்கு ஒண்ணு எடுத்து ஆட ஆரம்பிச்சிடலாம், தனித்தனியா கார்டு தேட வேண்டாம், டெக் கட்டத் தெரியணும்னு இல்ல. நல்ல விஷயம்தான். ஆனா நாலு கேம் ஆடுனதும் தோத்தவங்க வாயில வர்ற முதல் வார்த்தை "உன் டெக்குதான் ஸ்ட்ராங், அதான் ஜெயிச்ச". அது உண்மையா இல்லையான்னு சும்மா வாய்ச்சண்டை போடாம ஒழுங்கா பாத்துடலாம், அதுக்கு வழி இருக்கு, கொஞ்சம் பொறுமை மட்டும் வேணும்.

உதாரணத்துக்கு மேஜிக் தி கேதரிங்ங்கிற கார்டு கேம்ல வந்த டூயல் டெக்ஸ் வரிசையை எடுத்துக்குறேன், ஏன்னா இந்த மாதிரி ஜோடி டெக்குல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 2007ல எல்வ்ஸ் வெர்சஸ் காப்ளின்ஸ்னு ஆரம்பிச்சு 2018ல எல்வ்ஸ் வெர்சஸ் இன்வென்டர்ஸ் வரைக்கும் வந்துச்சு, ஒவ்வொரு பெட்டியிலயும் 60 கார்டு டெக் ரெண்டு. போக்கிமான் பேட்டில் டெக் வச்சிருந்தாலும் சரி, வேற எது வச்சிருந்தாலும் சரி, பாக்குற முறை இதேதான்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கோங்க. சமம்னா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு அர்த்தம் இல்ல. ஒண்ணு வேகமா அடிக்கும், இன்னொண்ணு மெதுவா வளந்து பெருசாகும், அப்படித்தான் இந்த ஜோடிகளையே டிசைன் பண்றாங்க. அதனால "என் டெக்குல பெரிய க்ரீச்சர் (சண்டை போடுற உயிரினக் கார்டு) அஞ்சு இருக்கு, உன்கிட்ட ரெண்டுதான்"னு எண்ணிப் பாத்து தீர்ப்பு சொல்ல முடியாது. பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இவன் செய்யப் போற வேலையைத் தடுக்க அவன்கிட்ட ஏதாவது இருக்கா, அது டைமுக்கு கைக்கு வருமா.

ஆடுறதுக்கு முன்னாடி ரெண்டு டெக்கையும் மேஜையில பரப்பி வைங்க. மானா (கார்டை ஆடக் குடுக்குற சக்தி) செலவு வாரியா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா அடுக்குங்க. அடுக்குனாலே பாதி கதை தெரிஞ்சிடும். ஒரு டெக்குல ஒண்ணு ரெண்டு மானா வரிசை நீளமா இருந்து இன்னொண்ணுல நாலுக்கு மேலதான் கூட்டமா இருந்துச்சுன்னா, மெதுவான டெக்குக்கு முதல் மூணு டர்ன் உயிரோட இருக்குறதுக்கு என்ன இருக்குன்னு தேடுங்க, சின்னதா ஒரு தடுப்பு க்ரீச்சரோ, மலிவான ரிமூவலோ (எதிராளியோட க்ரீச்சரை அழிக்கிற கார்டு), லைஃப் (உயிர்ப் புள்ளி) ஏத்துற கார்டோ. அது இல்லன்னா அந்த டெக் பேப்பர்ல எவ்ளோ அழகா இருந்தாலும் கஷ்டம்தான்.

லேண்டையும், அதாவது மானா குடுக்குற கார்டையும், அப்பவே பாத்துடுங்க. எண்ணிக்கை மட்டும் இல்ல, எத்தனை கலர்னும் பாக்கணும். 2010ல வந்த பைரெக்ஸியா வெர்சஸ் தி கோயலிஷன் பெட்டியில ஒரு பக்கம் முழுக்க கருப்பு மட்டும், இன்னொரு பக்கம் அஞ்சு கலர். அஞ்சு கலர் டெக் சில கேம்ல கையில நல்ல கார்டு வச்சிக்கிட்டே சரியான லேண்ட் வராம உக்காந்திருக்கும், ஒரே கலர் டெக்குக்கு அந்தப் பிரச்சனையே கிடையாது. ரெண்டு பக்கமும் கார்டு எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் தராசுல வைக்கணும்.

இப்ப முக்கியமான கட்டம், தாக்குதலும் பதிலும் ஜோடி சேர்க்குறது. எல்வ்ஸ் வெர்சஸ் காப்ளின்ஸ்ஸை எடுத்துக்கோங்க. எல்ஃப் பக்கம் வெல்விஷர்னு ரெண்டு மானாவுக்கு ஒரு 1/1 (முதல் எண் அடிக்கிற பலம், ரெண்டாவது தாங்குற அளவு) இருக்கு, டேப் பண்ணா (கார்டைப் பக்கவாட்டுல திருப்பி பயன்படுத்துனா) களத்துல எத்தனை எல்ஃப் இருக்கோ அத்தனை லைஃப் கிடைக்கும். டிம்பர்வாட்ச் எல்ஃப் அதே கணக்குல ஒரு க்ரீச்சரை வீங்க வைக்கும். இந்த ரெண்டையும் சேர்த்து படிச்சாலே புரியும், இந்த டெக்கை நாலு டர்ன் சும்மா விட்டா அப்புறம் பிடிக்க முடியாது. பிடிக்க காப்ளின் பக்கம் என்ன இருக்கு? மாக் ஃபனாட்டிக் தன்னையே பலி குடுத்து ஒரு டேமேஜ் போடும், அதுக்கு வெல்விஷர் செத்துடும், ஆனா டிம்பர்வாட்ச் 1/2ங்கிறதால தப்பிச்சுடும். அதுக்கு டார்ஃபயர் வேணும், ஒரு மானாவுக்கு ரெண்டு டேமேஜ். ஜெம்பாம் இன்சினரேட்டர்னு ஒண்ணு, சைக்கிள் பண்ணா (மானா குடுத்து கையில இருந்தே தூக்கிப் போட்டா) களத்துல இருக்குற காப்ளின் எண்ணிக்கை அளவுக்கு ஒரு க்ரீச்சர் மேல டேமேஜ், அதோட ஒரு கார்டும் எடுத்துக்கலாம். ஆக ஆபத்தான எல்ஃப் ஒவ்வொண்ணுக்கும் மலிவான பதில் இருக்கு. இப்படி ஜோடி சேருதுன்னா டெக் பண்ணவங்க ரெண்டையும் எதிரெதிரே வச்சு யோசிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இதுல ஒரு அழகும் இருக்கு, சொல்லாம இருக்க முடியல. எல்ஃப் டெக்கோட ஸ்டார் கார்டு ஆம்புஷ் கமாண்டர், அது வந்தா உங்க ஃபாரஸ்ட் எல்லாம் 1/1 எல்ஃப் க்ரீச்சரா மாறிடும், லேண்டாவும் இருக்கும். அப்ப வெல்விஷர் கணக்குல ஃபாரஸ்ட்டும் சேரும், டிம்பர்வாட்ச் கணக்குலயும் சேரும், திடீர்னு எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆயிடும். ஆனா அதே நேரத்துல லேண்ட் எல்லாம் ஒரு டேமேஜ்ல சாகுற க்ரீச்சரா ஆயிடுச்சு. எதிர்ல சீஜ் கேங் கமாண்டர் இருக்காரு, மூணு குட்டி காப்ளினோட வருவாரு, ரெண்டு மானா குடுத்து ஒரு காப்ளினை பலி குடுத்தா ரெண்டு டேமேஜ். ஒவ்வொரு ஃபாரஸ்ட்டா எரிச்சுக்கிட்டே போகலாம். பெரிய கார்டுக்குள்ளயே அதோட பலவீனமும் இருக்கு, அதை எதிராளியோட பெரிய கார்டு போய் தொடுது. பொருத்தம்னா இதுதான்.

விலை, பளபளப்பு இதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. பைரெக்ஸியா டெக்கோட ஃபாயில் கார்டு பைரெக்ஸியன் நெகேட்டர், மூணு மானாவுக்கு 5/5 ட்ராம்பிள் (தடுத்தாலும் மிச்ச டேமேஜ் எதிராளிக்குப் போகும்), பாத்தா பயமா இருக்கும். ஆனா அது மேல எவ்ளோ டேமேஜ் விழுதோ அத்தனை பெர்மனன்ட்டை (களத்துல இருக்குற உங்க கார்டை) நீங்க தியாகம் பண்ணணும். எதிர் டெக்குல உர்ஸாஸ் ரேஜ் இருக்கு, மூணு டேமேஜ், கவுன்ட்டர் பண்ணவும் (நடக்க விடாம தடுக்கவும்) முடியாது. நெகேட்டர் மேல அது விழுந்தா உங்க களத்துல மூணு பெர்மனன்ட் காலி. தனியா பாத்தா மிரட்டுற கார்டு இந்த எதிராளி முன்னாடி ரிஸ்க்கான கார்டு ஆயிடுது.

அதுவும் போக, ஒரே ஒரு காப்பி இருக்குற கார்டு எத்தனை கேம்ல கைக்கு வரும்னு கணக்கு போட்டுப் பாருங்க. 60 கார்டுல முதல் கை 7, ரெண்டாவதா ஆடுறவங்க ஏழாவது டர்ன் வரைக்கும் பாத்தா மொத்தம் 14 கார்டு. அந்த ஒத்தைக் கார்டு அதுல இருக்க வாய்ப்பு 23 சதவீதம்தான், அதாவது நாலு கேம்ல ஒரு கேம் கூட முழுசா இல்ல. அதே கார்டு நாலு காப்பி இருந்தா அதுல ஒண்ணாவது வர வாய்ப்பு கிட்டத்தட்ட 67 சதவீதம். அதனால டெக்கோட உண்மையான பலம் மூணு நாலு காப்பி இருக்குற சாதா கார்டுலதான் இருக்கு, அட்டையில படம் போட்ட ஸ்டார் கார்டுல இல்ல. தேடி எடுக்குற கார்டு இருந்தா மட்டும் இந்தக் கணக்கு மாறும், காப்ளின் மேட்ரன் வந்தா டெக்குல இருந்து வேணுங்கிற காப்ளினை எடுத்துக்கலாம், எல்ஃப் பக்கம் வயர்வுட் ஹெரால்ட் செத்தா ஒரு எல்ஃபை தேடலாம். ஒரு பக்கம் தேடுற வசதி இருந்து இன்னொரு பக்கம் இல்லன்னா குறிச்சு வச்சுக்கோங்க.

சரி, இப்ப ஆடிப் பாக்குறது. இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. மூணு கேம் ஆடி மூணும் ஒரே டெக் ஜெயிச்சா உடனே முத்திரை குத்திடுறாங்க. ரெண்டு டெக்கும் துல்லியமா சமமா இருந்தாக்கூட பத்து கேம் ஆடுனா 7க்கு 3ன்னோ அதைவிட மோசமாவோ முடியுறதுக்கு 34 சதவீதம் வாய்ப்பு இருக்கு, மூணு தடவைல ஒரு தடவை! காசு சுண்டிப் பாத்தாலே இது தெரியும். 20 கேம் ஆடி 15க்கு 5ன்னு வந்தா அப்ப சந்தேகப்படலாம், சமமான டெக்குல அந்த அளவு வித்தியாசமோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு வாய்ப்பு 4 சதவீதம்தான். 20 கேமான்னு மலைக்காதீங்க, ஒரே நாள்ல ஆட வேண்டாம், ஒரு நோட்டுல எழுதிட்டே போனா போதும்.

ஆனா 20 கேமையும் ஒரே ஆள் ஒரே டெக் வச்சு ஆடுனா நீங்க டெக்கை அளக்கல, ஆளைத்தான் அளக்குறீங்க. அதனால நாலு நாலு கேமா பிரிச்சுக்கோங்க. முதல் கேம்ல நான் எல்ஃப், நான் முதல்ல ஆடுறேன். ரெண்டாவதுல நான் எல்ஃப், நீ முதல்ல. மூணாவதுல டெக்கை மாத்திக்கணும், நான் காப்ளின், நான் முதல்ல. நாலாவதுல நான் காப்ளின், நீ முதல்ல. இந்த நாலும் சேர்ந்தாதான் ஒரு செட். முதல்ல ஆடுறவங்களுக்கு முதல் டர்ன்ல கார்டு எடுக்குறது கிடையாது, அந்த இழப்பு இருந்தும் வேகமான டெக்குக்கு முதல்ல ஆடுறது பெரிய லாபம், அதை கலக்காம விட்டா கணக்கே தப்பாயிடும்.

எண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரெண்டு டெக்கையும் கொஞ்சம் ஆடிப் பழகிடுங்க, அதை கணக்குல சேக்காதீங்க. சில டெக் கையில எடுத்த உடனே ஓடும், சிலதுக்கு பழக்கம் வேணும். 2008ல வந்த ஜேஸ் வெர்சஸ் சந்திரால சந்திரா பக்கம் சிவப்பு, நேரா அடிக்கணும், புரிஞ்சுக்க ஈஸி. ஜேஸ் பக்கம் நீலம், எதை கவுன்ட்டர் பண்றது எதை விடுறதுன்னு யோசிக்கணும், புதுசா ஆடுறவங்க முதல்ல வந்த கார்டையே கவுன்ட்டர் பண்ணிட்டு பெருசு வரும்போது வெறுங்கையோட நிப்பாங்க. அந்த மாதிரி தோல்வியை டெக் மேல போடக்கூடாது. இதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கு, முதல் பத்து கேமையும் கடைசி பத்து கேமையும் தனித்தனியா பாருங்க, கஷ்டமான டெக் பின்னாடி போகப் போக நல்லா ஜெயிச்சா பிரச்சனை பழக்கம்தான்.

சீட்டை நல்லா கலைங்க, இதைத் தனியா சொல்லியே ஆகணும். புது பெட்டியில கார்டு வரிசையா அடுக்கி வந்திருக்கும், போன கேம் முடிஞ்சப்ப லேண்ட் எல்லாம் ஒரு கட்டா சேந்திருக்கும், ரெண்டு தடவை சும்மா கலைச்சா அது கலையாது. ரிஃபிள் (கட்டை ரெண்டாப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து கலைக்கிறது) பண்ணத் தெரிஞ்சா ஏழு தடவையாவது பண்ணுங்க. முல்லிகனும் (முதல் கை பிடிக்கலன்னா மாத்தி எடுக்குறது) ரெண்டு பேருக்கும் ஒரே ரூல். 2019ல இருந்து இருக்குற ரூல்படி திரும்ப ஏழு கார்டு எடுத்துட்டு, எத்தனை தடவை முல்லிகன் பண்ணீங்களோ அத்தனை கார்டை டெக்குக்கு அடியில வைக்கணும். வீட்டுலதான ஆடுறோம்னு ஒருத்தருக்கு மட்டும் ஃப்ரீயா விட்டுக் குடுத்தா அந்த கேம் கணக்குக்கு ஆகாது.

நோட்டுல ஜெயிச்சது யாருன்னு மட்டும் எழுதுனா பத்தாது. யார் முதல்ல ஆடுனது, எத்தனையாவது டர்ன்ல முடிஞ்சது, ஜெயிச்சவங்களுக்கு லைஃப் எவ்ளோ மிச்சம், தோத்தவங்களுக்கு லேண்ட் சிக்கல் இருந்துச்சா, எந்தக் கார்டு கேமை திருப்புச்சு, இவ்ளோதான், ஒரு வரியில முடிஞ்சிடும். லேண்ட் வராம தோத்த கேமை கணக்குல இருந்து தூக்கிடாதீங்க, ஒரே டெக்குக்கு அது திரும்பத் திரும்ப நடந்தா அதுவும் அந்த டெக்கோட குறைதான்.

எழுதுனதை படிக்கும்போது ஸ்கோரை விட மத்த விவரம்தான் அதிகம் பேசும். 10க்கு 10ன்னு வந்தும் முதல்ல ஆடுனவங்களே 16 ஜெயிச்சிருந்தா, டெக் சமம்தான், ஆனா டாஸ்லயே கேம் முடிஞ்சிடுது, அது நல்ல ஜோடின்னு நான் சொல்ல மாட்டேன். 12க்கு 8ன்னு வந்து பெரும்பாலான கேம் கடைசி ரெண்டு மூணு லைஃப்ல முடிஞ்சிருந்தா அது அருமையான ஜோடி, தாராளமா வச்சு ஆடுங்க. ஒரு டெக் ஜெயிச்ச கேம் எல்லாத்துலயும் ஒரே கார்டு பேர் திரும்பத் திரும்ப வருதுன்னா அந்தக் கார்டுக்கு எதிர்ல பதில் இல்லன்னு அர்த்தம், மேஜையில ஜோடி சேத்துப் பாத்தப்ப விட்டுப்போனது இங்க வந்து மாட்டும்.

நிஜமாவே ஒரு பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சா பெட்டியை தூக்கிப் போட வேண்டாம். முதல் வைத்தியம், பலவீனமான டெக்தான் எப்பவும் முதல்ல ஆடும்னு வச்சுக்கோங்க, அதுவே பாதி பிரச்சனைக்கு போதும். அதுவும் பத்தலன்னா அந்தப் பக்கத்துக்கு 20க்கு பதிலா 23 லைஃப், ஆனா இது வேகமான டெக்குக்கு எதிராத்தான் வேலை செய்யும், மெதுவா வளந்து அமுக்குற டெக்குக்கு முன்னாடி மூணு லைஃப் ஒண்ணுமே இல்ல. கார்டு மாத்துறது கடைசி. மாத்துனா பலமான டெக்குல இருந்து நல்ல கார்டை உருவாதீங்க, அப்புறம் அதை ஆடுறவங்களுக்கு சப்புன்னு ஆயிடும், பலவீனமான டெக்குல வேலைக்கு ஆகாத ரெண்டு கார்டை எடுத்துட்டு மலிவான ரிமூவல் ரெண்டு போடுங்க, சாதா காமன் கார்டே போதும். ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னு தெரியாமப் போயிடும். மாத்துனதுக்கு அப்புறம் திரும்ப நாலு கேம் செட் குறைஞ்சது ரெண்டு ஆடுங்க, எடுத்த கார்டை அதே பெட்டியில ஒரு ஓரமா போட்டு வைங்க, பிடிக்கலன்னா பழைய லிஸ்ட்டுக்கே திரும்பிடலாம்.