சுவரில் தொங்கும் சான்றிதழை விடுங்கள், பதிவேட்டைப் பாருங்கள்

கண்ணாடிக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லோரையும் நாம் 'டாக்டர்' என்று கூப்பிட்டுவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கண் மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோய், மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையைச் சோதித்து பவர் எழுதித் தருபவர். அந்தச் சீட்டை வாங்கி, ஃப்ரேம் தேர்ந்தெடுக்க உதவி, அளவெடுத்து, லென்ஸ் ஆர்டர் போட்டு, வந்த கண்ணாடியை உங்கள் முகத்துக்குப் பொருத்திக் கொடுப்பவர் ஆப்டிசியன், சில நாடுகளில் டிஸ்பென்சிங் ஆப்டிசியன் என்பார்கள். இங்கே சொல்லப்போவது இந்த மூன்றாமவரைச் சரிபார்ப்பது பற்றி.

அளவெடுக்கத்தானே, அதற்கு எதற்குத் தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் ஒளி மையம் கண்பாப்பாவுக்கு நேராக உட்கார வேண்டும். விலகினால் லென்ஸ் பிரிஸம் போல ஒளியைத் திருப்பும். விலகலை சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்கினால் எவ்வளவு பிரிஸம் என்று தெரிந்துவிடும், இதற்குப் பெயர் பிரென்டிஸ் விதி. மைனஸ் 6 பவர் லென்ஸ் 5 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் 0.5 × 6, அதாவது 3 பிரிஸம் டயாப்டர் (பிரிஸத்தை அளக்கும் அலகு). சீட்டில் பவர் சரி, லென்ஸிலும் பவர் சரி, ஆனாலும் தலைவலி, கண் இழுக்கிற மாதிரி ஒரு தொல்லை; கடையிலோ "பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? முதலில் அந்த ஊரில் இந்தத் தொழிலுக்குச் சட்டப்படி பதிவு தேவையா என்று பாருங்கள், ஏனென்றால் இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தன்னை டிஸ்பென்சிங் ஆப்டிசியன் என்று சொல்லிக்கொள்ளலாம். சிங்கப்பூர், மலேசியா, நியூசிலாந்து நாடுகளிலும் ஆப்டிசியனுக்குப் பதிவு உண்டு. கனடாவில் இது மாகாணத்தின் பொறுப்பு, ஒன்டாரியோவில் காலேஜ் ஆஃப் ஆப்டிசியன்ஸ் பார்த்துக்கொள்கிறது. பெயரில் காலேஜ் இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடம் இல்லை, ஒழுங்குமுறை அமைப்பு. அமெரிக்காவில் நியூயார்க், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் உரிமம் கட்டாயம், வேறு பல மாநிலங்களில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு தேசியப் பதிவு இருக்கிறது, கண்ணாடி பொருத்திக் கொடுப்பவருக்கு இல்லை.

பதிவு இருக்கிற இடம் என்றால் வேலை சுலபம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள், அது எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம். அமைப்பின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, பதிவேட்டில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஒரே பெயரில் பலர் வருவார்கள், இல்லையென்றால் சட்டையில் குத்தியிருக்கும் செல்லப் பெயர் பதிவேட்டில் இருக்கவே இருக்காது. எண்ணைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. "உங்க ரெஜிஸ்டர் நம்பர் சொல்றீங்களா?" என்று கேட்டால் உண்மையான ஆள் யோசிக்காமல் சொல்வார்.

பெயர் வந்துவிட்டது என்று அதோடு மூடிவிடாதீர்கள். எந்தப் பிரிவில் பதிவு, இப்போது நடப்பில் இருக்கிறதா, இடைநீக்கமா, நிபந்தனை ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிரிட்டனில் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதனால் எப்போதோ வாங்கிய பட்டத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவது தனித் தகுதி, அதைத் தனியாகப் பாருங்கள்.

பதிவே இல்லாத இடத்தில்? அங்கே தேர்வுச் சான்றிதழ்தான் கதி. அமெரிக்காவில் கண்ணாடிக்கு ஏபிஓ, காண்டாக்ட் லென்ஸுக்கு என்சிஎல்இ என்று இரண்டு சான்றிதழ்கள் உண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. அப்புறம் யார் கொடுத்தது என்று பாருங்கள். ஒரு ஃப்ரேம் கம்பெனி நடத்திய விற்பனைப் பயிற்சிக்கும் தங்க முத்திரையோடு சான்றிதழ் வரும், பார்க்க ரொம்ப அழகாகவே இருக்கும். கடையின் வியாபார உரிமம் கடைக்குத்தான், ஆளுக்கு இல்லை. சங்க உறுப்பினர் அட்டையும் உரிமம் ஆகாது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: சான்றிதழில் இருப்பவரும் உங்கள் முகத்தில் ஸ்கேல் வைப்பவரும் ஒரே ஆளா? பயிற்சியில் இருப்பவர் அளவெடுப்பதில் தப்பில்லை, மேற்பார்வை யார், இப்போது கடையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். குழந்தைக்கு என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பிரிட்டனில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கண்ணாடி கொடுப்பது பதிவு பெற்றவரோ அவர் மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் கையையும் கவனியுங்கள். புரோகிரெசிவ் லென்ஸ் (தூரம், கிட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறுவது) வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்தவர் முதலில் ஃப்ரேமை உங்கள் மூக்கிலும் காதிலும் சரியாக உட்கார வைப்பார். பிறகு உங்கள் கண் மட்டத்துக்கு அவர் இறங்கி, நேரே பார்க்கச் சொல்லி, ஃப்ரேமில் இருக்கும் மாதிரி லென்ஸில் பேனாவால் கண்பாப்பா இருக்கும் இடத்தைக் குறிப்பார், வலது தனி, இடது தனி. இரு கண்பாப்பாவுக்கும் இடையே உள்ள தூரத்தை (இதைத்தான் பி.டி. என்பார்கள்) மொத்தமாக ஒரே அளவாக எடுத்து இரண்டாக வகுப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள், மூக்கிலிருந்து இரு கண்ணும் ஒரே தூரத்தில் இருக்கும் என்று நிச்சயம் இல்லை. பவர் அதிகமானால் லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியையும் அளப்பார். ஃப்ரேம் நழுவ நழுவ நின்றுகொண்டே புள்ளி வைத்துவிட்டு பில் போடக் கூப்பிட்டால் ஆர்டரை நிறுத்திவையுங்கள்.

பதிவேட்டில் பெயர் கிடைக்கவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம்; திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கலாம், எழுத்துக்கூட்டு வேறாக இருக்கலாம். ஒருமுறை அவரிடமே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், பதிவு உண்டா இல்லையா என்று அவர்களே சொல்வார்கள். அதுவரை முன்பணம் கட்டாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், அளவெடுத்தவர் பெயர், பதிவு எண், இரு கண்ணின் பி.டி., ஃப்ரேமில் கண்பாப்பா நிற்கும் உயர அளவு இவற்றை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கண்ணாடி ஒத்துவரவில்லை என்றால் பேச உங்கள் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.