கணிப்புத் தேடுபொறியிடம் கேள்வி கேட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கும் மாணவருக்கு, இரவில் ஒரு கணக்கின் விடையைச் சரிபார்க்க ஆசிரியர் பக்கத்தில் இல்லாத வேளையில், வொல்ஃப்ரம் அல்ஃபா போன்ற கணிப்புத் தேடுபொறி பெருந்துணையாகிறது. 2009 மே மாதத்தில் வெளியான இப்பொறி இணையப் பக்கங்களைப் பட்டியலிட்டுத் தருவதில்லை. திரட்டிவைத்த தரவுகளையும் மத்தமட்டிக்கா மென்பொருளின் கணித ஆற்றலையும் கொண்டு விடையைத் தானே கணிக்கிறது. அது கூட்டலிலோ பெருக்கலிலோ தவறுவது அரிது. நாம் கேட்டதாக நினைத்த கேள்வியும் அது விளங்கிக்கொண்ட கேள்வியும் வேறாகும்போதே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

ஆகவே, விடையை முதலில் பார்ப்பதே மிகப் பெரிய தவறு என்பேன். கேள்வியைத் தான் எவ்வாறு பொருள்கொண்டது என்பதைப் பொறி விடைக்கு மேலேயே காட்டுகிறது; பலர் அவ்வரியைக் கடந்து போய்விடுகிறார்கள். அடி எதையும் குறிப்பிடாமல் 100 இன் மடக்கையைக் கேட்டால் பொறி e ஐ அடியாகக் கொண்ட இயற்கை மடக்கையை எடுத்துக்கொண்டு 4.605 என்று தரும். அடி 10 என்று எண்ணி 2 என்ற விடையை எதிர்பார்த்த மாணவர் தம் சரியான செய்கையைப் பிழையென்று வெட்டிவிடக்கூடும். −8 இன் கனமூலத்தைக் கேட்டால் −2 வராமல் ஒரு சிக்கலெண் வருவதுண்டு, ஏனெனில் மூன்று கனமூலங்களில் முதன்மை மூலம் எனப்படும் சிக்கலெண்ணைப் பொறி கருதிக்கொள்கிறது. மெய்யெண் மூலம் வேண்டுமென்று அதே திரையில் மாற்றிக்கொள்ளலாம். கூகுளின் கணிப்பானில் பாகையென்று சொல்லாமல் சைன் 30 ஐத் தட்டச்சு செய்தால், அது 30 ஆரையன் என்று கொள்ளப்பட்டு, 0.5 க்குப் பதிலாக −0.988 வரக்கூடும்.

அடைப்புக்குறியைச் சோம்பலால் விடுவது அடுத்த தவறு. 1/2(3+1) என்பதைப் பொறி இடமிருந்து வலமாகச் செய்து 2 என்னும்; பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டின் கீழே, 2(3+1) முழுவதும் இருக்க வேண்டுமென்று எண்ணியவருக்கு விடை 0.125.

அலகுகளில் இன்னும் கவனம் வேண்டும். துறைமுகத்தையும் மீன்பிடியையும் சார்ந்த நம் ஊரில் மைல் என்றால் கடல் மைலையே நினைப்பவர் பலர். கடல் மைல் 1852 மீற்றர், தரை மைல் 1609.344 மீற்றர்; 20 மைல் தூரத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் ஆகிவிடும். கலனும் அப்படித்தான்: நம் பெரியவர்கள் பழகிய பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். கொழும்புக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் பொறி நேர்கோட்டுத் தூரத்தையே முதலில் தரும். வீதி வழியே செல்பவருக்கு அத்தூரம் போதாது.

தகவல் கேள்விகளில் பெயரே குழப்பக்கூடும். திருகோணமலை நகரமா, மாவட்டமா, அல்லது 1817 இல் பம்பாயில் வெள்ளோட்டம் விடப்பட்டு இன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் நிற்கும் அதே பெயர்கொண்ட போர்க்கப்பலா என்பதைக் கேட்பவரே தெளிவாக்க வேண்டும். சனத்தொகை விடயத்தில் நகரத்தையும் மாவட்டத்தையும் மாற்றிக்கொண்டால் பல மடங்கு பிழைக்கும். ஆண்டும் அதேயளவு முக்கியமானது. மாவட்டத்தின் சனத்தொகை 2012 தொகைமதிப்பில் 380,000 க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதற்கடுத்த தொகைமதிப்பு 2024 இல்தான் நடந்தது. 2001 இல் போர்ச்சூழலால் இம்மாவட்டம் முழுமையாகக் கணக்கெடுக்கப்படவில்லை. அதனால் 1981 இலிருந்து 2012 வரை பொறி வரைந்து தரும் சீரான வளர்ச்சிக் கோட்டை உண்மையான வரலாறாகக் கொள்ளலாகாது. இடம்பெயர்வையும் 2004 ஆழிப்பேரலையையும் அக்கோடு காட்டாது. கட்டுரைக்கோ ஒப்படைக்கோ அத்தகைய எண்ணை எடுப்பவர், அது எந்த ஆண்டுக்கும் எந்த எல்லைக்கும் உரியது என்பதைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கையோடு ஒப்பிட்ட பின்னரே எழுத வேண்டும்.