வீட்டுச் சண்டைக்காக சபை மாத்தலாமா? எத மொதல்ல செய்யணும், எப்படி செய்யணும்

கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம்னு நம்ம டெல்டா பக்கம் எங்க போனாலும் இந்தக் கேள்வி வருது. அண்ணன் தம்பிக்குள்ள நிலத் தகராறு, ஞாயித்துக்கிழமை ஒரே கோயில்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியல, நாங்க வேற சபைக்குப் போயிடலாம்னு இருக்கோம், எது நல்ல சபை சொல்லுங்கன்னு கேக்குறாங்க. இல்லன்னா மாமியார் ஆர்.சி. (கத்தோலிக்கம்), மருமக பெந்தெகொஸ்தே, சாயங்காலம் ஜெபமாலை சொல்றதுல ஆரம்பிச்சு பேச்சுவார்த்தையே நின்னு போயிருக்கும். சண்டை வேற, சபை வேறங்க. சண்டைய முடிக்க ஒரு அடியாவது எடுத்து வச்சுட்டு அப்புறம் சபையப் பத்தி யோசிங்க, இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க.

மத்தேயு 5:23, 24 எடுத்துப் படிங்க. காணிக்கை கொண்டு வந்தவன் அத பலிபீடத்துக்கு முன்னாடியே வச்சுட்டு, போய் சகோதரனோட ஒப்புரவாகிட்டு வந்து செலுத்தணும்னு இயேசு சொல்றாரு. அங்க ஒண்ண கவனிங்க, "உன்பேரில் குறை உண்டென்று" நினைவு வந்தா, அதாவது அவனுக்கு உங்க மேல என்ன வருத்தம்னு யோசிக்கச் சொல்றாரு, நமக்கு அவன் மேல இருக்குற வருத்தம்தான் நமக்கு தூக்கத்துல கூட ஞாபகம் இருக்கே. அதனால ஒரு பேப்பர எடுத்து, அண்ணன் இடத்துல இருந்து உங்க மேல என்ன குறை இருக்கும்னு எழுதுங்க. அப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப ராத்திரி யார் கூட இருந்தா, தங்கச்சி கல்யாணக் கடன யார் அடைச்சா, வெளிநாட்டுல இருந்து வந்த பணம் எங்க போச்சுன்னு எல்லாம் எழுதுங்க. எழுதி முடிக்கிறப்பவே பாதி கோபம் எறங்கும்.

அடுத்து மத்தேயு 18:15, நீயும் அவனும் தனித்திருக்கையில பேசுன்னு இருக்கு. தனியான்னா தனியாத்தான், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போடுறது தனியா பேசுறது கிடையாது, அண்ணிகிட்ட சொல்லி அண்ணன் காதுக்கு போக வைக்கிறதும் கிடையாது. நேரமும் பாத்துக்கங்க. அறுவடை முடிஞ்சு கொள்முதல் நிலையத்துல மூட்டைய அடுக்கிட்டு மழை வந்துடுமோன்னு வானத்த பாத்துக்கிட்டு இருக்குறவர்கிட்ட போய் பாகம் பேசாதீங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கும் பேசாதீங்க, யாராவது குடிச்சிருந்தா பேசவே பேசாதீங்க. "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா அங்கயே முடிஞ்சுது, "அண்ணே, போன சம்பா கணக்கு எனக்கு சரியா வெளங்கல, ஒரு நாள் உக்காந்து பாப்போமா"ன்னு ஆரம்பிங்க. மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்னு நீதிமொழிகள் 15:1 சொல்றது இதத்தான்.

எபேசியர் 4:26ல சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடி எரிச்சல் தணியணும்னு இருக்கே, அதனால ராத்திரிக்குள்ள முடிச்சே ஆகணும்னு சில பேரு பன்னெண்டு மணி வரைக்கும் பொண்டாட்டிய தூங்க விடாம வாதம் பண்றாங்க, சிங்கப்பூர்ல இருக்குற புருஷன் போன்லயே விடிய விடிய சண்டை போடுறாரு. அந்த வசனம் தணியச் சொல்றது எரிச்சலத்தான், பிரச்சனை முழுசையும் அன்னிக்கே தீர்த்துடணும்னு சொல்லல. "நாளைக்கு பேசுவோம், எனக்கு உன் மேல வெறுப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு படுத்தாலே போதும்.

தனியா பேசி சரி வரலன்னா ஒண்ணு ரெண்டு பேர கூட கூட்டிட்டு போகச் சொல்லுது மத்தேயு 18:16. அந்த ரெண்டு பேரும் உங்க பக்கம் ஏற்கனவே சேந்துட்டவங்களா இருக்கக் கூடாது, உங்க மச்சானக் கூட்டிட்டுப் போனா அது சமாதானம் இல்ல, ஆள் சேக்குறது. ரெண்டு வீட்டுலயும் கை நனைச்ச ஒரு சித்தப்பாவோ, சபையில வயசான ஒரு அம்மாவோ இருந்தா நல்லது.

நிலம்னு வந்துட்டா ஒரு எச்சரிக்கை. பாகப்பிரிவினைக்கு பாஸ்டரயோ ஃபாதரயோ நீதிபதி ஆக்காதீங்க. லூக்கா 12ல ஒருத்தன் வந்து, சொத்த பங்கு போட என் சகோதரனுக்கு சொல்லுங்கன்னு கேட்டப்ப, என்னை உங்களுக்கு பங்கிடுகிறவனா வச்சது யாருன்னு இயேசுவே விலகிக்கிட்டாரு, பேராசைய பத்தி எச்சரிச்சாரே தவிர வரப்ப அளக்கல. அதனால ஊழியர்கிட்ட ஜெபம் கேளுங்க, மனச சரி பண்ண உதவி கேளுங்க, ஆனா பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றுக்கு வக்கீல பாருங்க, எல்லைக்கு சர்வேயர பாருங்க.

இதுல பொம்பளப் பிள்ளைங்க பங்கு பத்தி சொல்லியே ஆகணும். நம்ம பக்கம் இன்னும் எத்தனையோ கிறிஸ்தவ வீட்டுல, "நகை போட்டு அனுப்பியாச்சு"ன்னு சொல்லி அக்கா தங்கச்சிகிட்ட, பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிடுறாங்க, அப்புறம் அதே வாயால ஸ்தோத்திரம் சொல்றாங்க. கிறிஸ்தவங்களுக்கு பொருந்துற இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ல, அப்பா உயில் எழுதாம இறந்தா அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மீதிய ஆண் பிள்ளை பெண் பிள்ளை எல்லாருக்கும் சமமா பிரிக்கணும். வேதத்துலயும் எண்ணாகமம் 27ல செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க மோசே முன்னாடி நின்னு எங்க அப்பா பங்க எங்களுக்கு குடுங்கன்னு கேட்டாங்க, அவங்க பேசுகிறது சரிதான்னு கர்த்தரே சொன்னாரு. தங்கச்சி பங்கு கேட்டா அவ குடும்பத்த கெடுக்குறான்னு பேசாதீங்க, அந்த அஞ்சு பேரும் குடும்பத்த கெடுக்கல.

நீங்க விட்டுக் குடுக்க முடிஞ்ச எடத்துல விட்டுக் குடுங்க, அது வேற. ஆதியாகமம் 13ல மேய்ச்சலுக்கு சண்டை வந்தப்ப ஆபிராம்தான் பெரியவரு, ஆனாலும் அண்ணன் தம்பி மகன் முறையான லோத்துவ மொதல்ல பாத்து எடுத்துக்கச் சொன்னாரு, அவனும் தண்ணி பாயுற பக்கமா பாத்து எடுத்துக்கிட்டான். தலைமடை நிலத்த தம்பிக்கு விட்டுட்டு கடைமடைய எடுத்துக்குற மாதிரி. அப்படி விடுறது பெரியவன் தானா செய்யணும், இளையவள கட்டாயப்படுத்தி விட வைக்கிறதுக்கு அந்தக் கதைய யாரும் தூக்கிட்டு வரக் கூடாது.

அடி, உதை, உயிர் பயம் இருக்குற வீட்டுக்கு மேல சொன்ன எதுவும் பொருந்தாது. "பொறுத்துக்கம்மா, ஜெபம் பண்ணு"ன்னு சொல்லி திருப்பி அனுப்புறது பாவம்னு நான் நெனைக்கிறேன். சவுல் ராஜா ஈட்டிய எறிஞ்சப்ப தாவீது நின்னு ஒப்புரவு பேசல, விலகி அந்த ராத்திரியே தப்பி ஓடினான், 1 சாமுவேல் 19ல இருக்கு. மொதல்ல பிள்ளைகளோட பாதுகாப்பான எடத்துக்கு போங்க, 181 பெண்கள் உதவி எண்ணுக்கு கூப்பிடுங்க, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005லயே இருக்கு. மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம், மன்னிச்சவங்க திரும்ப அதே வீட்டுக்குள்ள போகணும்னும் இல்ல.

வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ கிறிஸ்தவர் இல்லன்னா, 1 கொரிந்தியர் 7:12, 13 தெளிவா இருக்கு, அவங்க உங்க கூட வாழ சம்மதமா இருந்தா தள்ளிவிடாதீங்க. மாமனார் வீட்டுப் பொங்கலுக்கு போய் பாத்திரம் கழுவி, கூட நாலு வேலை செஞ்சா உங்க விசுவாசம் கொறஞ்சுடாது.

இனி சபை. டெல்டாவுல தெரிஞ்செடுக்க நிறைய இருக்கு, ஏன்னா இங்க முந்நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. 1706 ஜூலை 9ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில எறங்குனாரு, அவர் கட்டுன புதிய எருசலேம் ஆலயம் 1718ல இருந்து அங்கதான் நிக்குது, அந்த வழியில வந்த லுத்தரன் சபைங்க 1919ல டி.இ.எல்.சி.ன்னு (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) ஆச்சு. 1947ல உருவான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) இருக்கு, வேளாங்கண்ணியும் பூண்டியும் இருக்குற கத்தோலிக்க மறைமாவட்டம் இருக்கு, தெருவுக்குத் தெரு பெந்தெகொஸ்தே சபைகளும் வீட்டுக் கூட்டங்களும் இருக்கு. குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்குறதா, வளந்தப்புறம் முழுக்கு ஞானஸ்நானமா, மாதாகிட்ட வேண்டலாமா, அந்நியபாஷை பேசணுமான்னு இவங்களுக்குள்ள வித்தியாசம் உண்டு, அது சின்ன வித்தியாசம்னு நான் சொல்ல வரல. ஒவ்வொரு சபையிலயும் நேரா போய் நீங்க ஏன் இப்படி செய்றீங்கன்னு கேளுங்க, பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே தினமும் வேதத்துல பாத்து சரியான்னு ஆராய்ஞ்சாங்க (அப்போஸ்தலர் 17:11), அப்ப நம்மூரு பிரசங்கியாரையும் ஆராயலாம். கேட்டா கோபப்படுற எடத்துல உக்காராதீங்க.

ஒரு தடவ போய்ட்டு பாட்டு நல்லா இருந்துச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு சீசன் முழுக்க போய் பாருங்க, குறுவைக்கு தண்ணி வராம ஜனங்க கையில காசு இல்லாத மாசத்துல அந்த சபை எப்படி நடந்துக்குதுன்னு பாருங்க, அப்பவும் தசமபாகம், கட்டட நிதின்னு நெருக்குறாங்களா, இல்ல கஷ்டப்படுற வீட்டுக்கு அரிசி போகுதா. வரவு செலவு கணக்க சபை முன்னாடி வாசிக்கிறாங்களா, பாஸ்டருக்கு மேல கேள்வி கேக்க யாராவது இருக்காங்களா. சுகர் மாத்திரைய நிறுத்து, விசுவாசம் போதும்னு சொன்னா அன்னிக்கே வெளிய வந்துடுங்க.

கல்லறைத் தோட்டத்தயும் போய் பாருங்க. யார எங்க புதைக்கிறாங்கன்னு கேளுங்க. 1833ல கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி வேறுபாடு இருக்கவே கூடாதுன்னு கடிதம் எழுதுனப்ப, தஞ்சாவூர்ல நிறைய பேரு அத ஏத்துக்காம சபைய விட்டே போனாங்க, அந்த நோய் இன்னும் முழுசா போகல. பலகையில, கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுன்னு சொல்ற கலாத்தியர் 3:28 எழுதி வச்சுட்டு தேர் எந்தத் தெருவுக்குள்ள போகலாம், எதுக்குள்ள போகக் கூடாதுன்னு பாக்குறாங்கன்னா, அங்க உங்க பிள்ளைங்க என்னத்த கத்துக்கும்?

எனக்கு எல்லாத்தவிட பெரிய சோதனை இதுதான்: உங்க வீட்டுச் சண்டைய சொன்னா அந்த ஊழியர் என்ன சொல்றாரு? ஒரு சிலர் "ஒரு மனுஷனுக்குச் சத்துருக்கள் அவன் வீட்டாரே"ன்னு மத்தேயு 10:36ஐ எடுத்துக் குடுத்து அம்மா வீட்டுக்கு போகாத, அண்ணன் கல்யாணத்துல சாப்பிடாதன்னு பிரிச்சு விடுவாங்க. அது இயேசுவ பின்பத்துனதுக்காக வீட்டாரே நம்மள வெறுக்கலாம்னு சொல்ற எடம், நாம வீட்டார வெறுக்கலாம்னு அனுமதி குடுக்குற எடம் இல்ல. சிலுவையில தொங்குறப்பகூட அவரு தன் தாயாருக்கு ஒரு வீட்ட பாத்து விட்டுட்டுதான் போனாரு, பெத்தவங்களுக்கு செய்ய வேண்டியத கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கைன்னு சொல்லி கோயிலுக்கு குடுத்தவங்கள மாற்கு 7ல கடுமையா கண்டிச்சாரு. "காணிக்கை அப்புறம் போடலாம், நீ போய் அண்ணன்கிட்ட பேசிட்டு வா"ன்னு சொல்ற ஊழியர் கெடச்சா, அவரு எந்த சபையா இருந்தாலும் அவர்கிட்ட கேக்கலாம்.

மாறுறதா முடிவே பண்ணிட்டீங்கன்னா ராத்திரியோட ராத்திரியா நின்னுடாதீங்க. பழைய சபை ஐயர்கிட்டயோ (போதகர்) ஃபாதர்கிட்டயோ நேர்ல போய் காரணத்த சொல்லுங்க, சந்தா பாக்கி இருந்தா கட்டுங்க, பிள்ளைங்களோட ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டயும் ஒரு கடிதத்தயும் வாங்கிக்கங்க, நாளைக்கு சபையில கல்யாண அறிவிப்பு, அதான் ஓலை, வாசிக்கிறப்ப அத கேப்பாங்க. புது சபையில கல்யாணம் பதிவு பண்ற உரிமம் இருக்கான்னும் இப்பவே விசாரிச்சுக்கங்க, வீட்டுக் கூட்டமா நடக்குற பல எடத்துல இருக்காது. புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம்னு ஆனா, பிள்ளைங்கள எந்த வாரம் யாரு கூட்டிட்டு போறதுன்னு சனிக்கிழமையே பேசி முடிச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை காலையில சட்டை மாட்டுறப்ப இழுக்காதீங்க. அம்மா அப்பா பழைய சபையிலயே இருந்தாங்கன்னா அவங்க சபைத் திருவிழாவுக்கும் நன்றிப் பண்டிகைக்கும் கூட போய் நில்லுங்க.