ஸ்கோப்பைக் கடைசியாக அலசும் தண்ணீர்: ஃபில்டரைத் தாண்டியும் பாருங்கள்

உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியான எண்டோஸ்கோப்பை என்சைம் போட்டுத் தேய்த்து, குளுடரால்டிஹைடு என்ற கிருமிநீக்க மருந்தில் உரிய நேரம் ஊறவைத்து எடுத்துவிட்டு, கடைசி அலசலுக்கு வெறும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் அதுவரை பட்ட பாடு எல்லாம் வீண். சூடோமோனாஸ் தண்ணீரிலேயே குடியிருக்கும் கிருமி. அதைத் தடுக்கத்தான் 0.2 மைக்ரான் ஃபில்டர் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

அதை நேராகக் குழாயில் மாட்டாதீர்கள். நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி வரும்போது அந்த ஃபில்டரின் விலை கூடிய கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே அடைத்துவிடும். முன்னால் 5 மைக்ரான், அடுத்து 1 மைக்ரான், அப்புறம்தான் 0.2. போர் தண்ணீர் என்றால் உப்புக்குத் தனியாக ஆர்ஓ வேண்டும். கார்பன் ஃபில்டரும் வைத்திருந்தால் அது குளோரினை எடுத்துவிடும், அதற்கு அப்புறம் தண்ணீருக்குக் காவல் கிடையாது, கிருமி தாராளமாகப் பெருகும்.

கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது புதுக் கையுறை போட்டு, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேதியை ஃபில்டர் கூட்டின் (ஹவுசிங்) மேலேயே எழுதுங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் இருக்கட்டும். வித்தியாசம் மெல்ல ஏறினால் அடைக்கிறது. தண்ணீர் அதே வேகத்தில் ஓடும்போது வித்தியாசம் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சவ்வு கிழிந்திருக்கலாம், ஓ-ரிங் ஓரமாகத் தண்ணீர் தப்பிப் போகலாம். உடனே நிறுத்துங்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தண்ணீரின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சூடோமோனாஸ் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை கார்ட்ரிட்ஜை மாற்றியும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், ஃபில்டரிலிருந்து அலசும் தொட்டிக்கு வரும் டியூப் ஏழெட்டு அடி நீளம், ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கி உள்பக்கம் வழவழவென்று படிந்து கிடந்தது! ஃபில்டர் என்ன செய்யும், பாவம். அந்த டியூப் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முனை தொட்டித் தண்ணீரில் முங்கக் கூடாது, டியூபையும் தயாரிப்பாளர் சொன்ன முறையில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், காலையில் முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை 100 மில்லி சோதனைக்கு அனுப்புங்கள், அதையும் ஸ்கோப்பில் தண்ணீர் படும் முனையிலிருந்தே பிடியுங்கள். பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி அதில் கிருமிக் கூட்டங்கள் (காலனி) 10-க்குக் கீழ்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஸ்கோப் அலசிய தண்ணீரில் இன்னொன்றை முக்காதீர்கள். முதல் ஸ்கோப்பிலிருந்து கழன்ற குளுடரால்டிஹைடு அந்தத் தண்ணீரில் இருக்கும், ஸ்கோப்பில் அது மிச்சம் இருந்தால் நோயாளியின் குடல் புண்ணாகும். சரி, அலசியாச்சு என்றால் ஸ்கோப்பின் உள்துளைகளான சேனல்களில் 70% ஆல்கஹால் விட்டு, ஃபில்டர் வழியாக வரும் காற்றைக் குறைந்தது 10 நிமிடம் செலுத்தி, ஸ்கோப்பை நேராகத் தொங்கவிடுங்கள்.