புதிய தையல் இயந்திரத்தில் குவில்ட் தைக்கப் பழகுதல்

புதிய இயந்திரம் வந்தவுடன், துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையான குவில்ட்டையே எடுத்து வைத்துவிடாமல், மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்றையும் அடுக்கிய சிறு துண்டொன்றில் முதலில் தைத்துப் பார்க்க வேண்டும். 90/14 அளவு ஊசியும் 3 மி.மீ. தையல் நீளமும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

மேற்புறத்தில் பாபின் நூல் (அடியிலுள்ள சிறு உருளையிலிருந்து வரும் நூல்) புள்ளி புள்ளியாகத் தலைகாட்டினால் மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். அடிப்புறத்தில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினாலோ, டென்ஷனைத் தொடுவதற்கு முன், அழுத்துப் பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு நூலை மீண்டும் கோத்துப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

நேர்க்கோட்டுத் தையலுக்கு, மேலும் கீழும் உள்ள துணிகளை ஒருசேர நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்னும் பாதம் அவசியம் என்றே கருதுகிறேன். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தைத்தால் சுருக்கம் விழுவது குறையும்.