பழைய ஏசி கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் இறக்குவது எப்படி?

ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பழகுகிறவர்களிடம் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம், வால்வைத் திறந்து கேஸை அப்படியே வெளியே விடுவது. ஏசிகளில் இருக்கும் ஆர் 410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். பழைய ஆர் 22 ஓசோனையும் அரிக்கும். இப்படிக் கேஸை வெளியே விடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். கேஸைத் தொடவே சான்றிதழ் வேண்டும் என்ற விதியும் உண்டு. சான்றிதழ் இல்லையென்றால், அது உள்ளவரின் பக்கத்தில் நின்று பழகுங்கள்.

1. என்ன கேஸ் என்று பாருங்கள்

யூனிட்டின் பெயர்ப்பலகையில் கேஸின் பெயரும் எடையும் இருக்கும். ஒரு சிலிண்டருக்கு ஒரே கேஸ்தான். இரண்டு கலந்துவிட்டால் பிரிப்பது மிகக் கடினம். பெரும்பாலும் மொத்தத்தையும் அழிக்கத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஆர் 32, ஆர் 290 தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றுக்கென்றே தயாரித்த ரிக்கவரி மெஷினும் (யூனிட்டிலிருந்து கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் ஏற்றும் மெஷின்) நல்ல காற்றோட்டமும் இல்லாமல் தொடாதீர்கள்.

2. சிலிண்டரைத் தயார்செய்யுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். புது கேஸ் வரும், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டிஸ்போசபிள் சிலிண்டரில் பழைய கேஸை ஏற்றவே கூடாது. பழைய கேஸை ஏற்றவென்றே செய்த ரிக்கவரி சிலிண்டர்தான் வேண்டும்; அந்த கேஸின் அழுத்தத்தைத் தாங்கக்கூடியதாகவும், சோதனைத் தேதி காலாவதியாகாததாகவும் இருக்க வேண்டும். புதுச் சிலிண்டர் என்றால் முதலில் வேக்கம் செய்துவிடுங்கள், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. காலி எடையும், எத்தனை கிலோ தண்ணீர் பிடிக்கும் என்பதும் சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். ஆர் 22 போன்றவற்றுக்குத் தண்ணீர் அளவில் 80 சதவீதம்தான் வரம்பு. 12 கிலோ தண்ணீர் பிடிக்கும் சிலிண்டரில் 9.6 கிலோ கேஸ். காலி எடை 11 கிலோ என்றால் தராசு 20.6 காட்டும்போது நிறுத்த வேண்டும். ஆர் 32 திரவம் தண்ணீரைவிட லேசானது, அதனால் அதற்கு வரம்பு இன்னும் குறைவு. ஏற்கெனவே உள்ளே கேஸ் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லாத சிலிண்டர் வெடித்துவிடக்கூடும். தராசு இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

3. ஹோஸ்களை மாட்டுங்கள்

கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர் 22 திரவம் மைனஸ் 41 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்துவிடும். யூனிட்டின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, திரவப் பக்கம், வாயுப் பக்கம் இரண்டின் வால்வுகளிலிருந்தும் மேனிஃபோல்ட் கேஜுக்கு (அழுத்தம் காட்டும் முள் கருவி) ஹோஸ் போடுங்கள். கேஜின் நடு ஹோஸ், அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையர் வழியாக ரிக்கவரி மெஷினின் உள்வழிக்கு. வெளிவழி, தராசில் நிற்கும் சிலிண்டருக்கு. ஹோஸுக்குள் இருக்கும் காற்றையும் வேக்கத்தில் எடுத்துவிடுங்கள்.

4. இறக்குங்கள்

முதலில் திரவப் பக்கம், அப்புறம் வாயுப் பக்கம். இந்த வரிசையில் போனால் நேரம் மிச்சம். சிலிண்டர் சூடேறி வேகம் குறைந்தால் ஐஸ் தண்ணீரில் நிறுத்தலாம். தராசுக் கணக்கு மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஜ் வேக்கம் காட்டியதும் பலர் மெஷினை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். முள் மறுபடி மேலே ஏறினால், எண்ணெயில் கரைந்த கேஸ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, திரும்ப ஓட்டுங்கள். குழாயைத் தடவினால் ஓர் இடம் மட்டும் சில்லென்று இருக்கும், திரவம் அங்கேதான் தங்கியிருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டலாம். தீ எரியும் பற்றவைப்பு டார்ச் கிட்டவே வரக் கூடாது: ஆர் 22 தீயில் பட்டால் பாஸ்ஜீன் போன்ற விஷ வாயுக்கள் உருவாகும்.

5. ஒப்படையுங்கள்

வால்வுகளை மூடி, கேஸின் பெயர், எடை, தேதி எழுதி ஒட்டுங்கள். சுத்தமான கேஸ் மறுசுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே தரம் சோதித்துத் திரும்ப விற்கலாம். கலந்ததும் கெட்டதும் உயர்வெப்பத்தில் அழிக்கும் நிலையத்துக்கு. காம்ப்ரசர் எரிந்துபோன யூனிட்டின் கேஸில் அமிலம் இருக்கும், அதைத் தனிச் சிலிண்டரில் வையுங்கள்.

வடித்த காம்ப்ரசர் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய கேனில் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள். காலியான டிஸ்போசபிள் சிலிண்டரிலும் கொஞ்சம் கேஸ் மிஞ்சியிருக்கும். அதையும் இறக்கிவிட்டு, வால்வைத் திறந்து ஓட்டை போட்ட பிறகுதான் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.